புகை விலகும்வரை

எதையும் அவள் முதலில் உள்ளங்கையால் தொட மாட்டாள். பால் பாத்திரமோ, கதவின் கைப்பிடியோ, கொடியில் காயும் துணியோ, எதுவானாலும் விரல்களை மடக்கிப் புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் கை திரும்பும். காய்கறிக் கடைக்காரர்கூடச் சொல்லியிருக்கிறார்: "தக்காளி கடிக்காதும்மா, தைரியமா எடு." அவள் தலையைக் குனிந்து சிரித்துவிட்டுப் பழையபடி புறங்கையைத்தான் நீட்டுவாள்.

வேலை செய்யும் இடத்தில் அது கேன்களால் வந்த பழக்கம் என்றார்கள். வீட்டில் அது தங்கை மகளால் வந்த பழக்கம் என்றார்கள். எது முந்தியது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தில் அவள் உதவியாள். ஏழாவதோடு படிப்பு நின்றது. கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தவளுக்குக் கொஞ்ச நாளில் கேன்களை ரொப்பும் வேலையும் சேர்ந்தது. நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் பாதிதான் காதில் விழும் என்பதால் எல்லோருக்கும் அவள் பூனை. வயதில் இளையவர்களுக்குப் பூனைக்கா.

கேன்கள் என்றால் பால்காரர் வைத்திருப்பது போலத் தோள் அகன்று கழுத்துச் சிறுத்த அலுமினியப் பாத்திரங்கள். ஆளின் இடுப்பு உயரம். உள்ளே திரவ நைட்ரஜன். பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் பனிக்கட்டி அதற்குப் பக்கத்தில் நெருப்பு. அதில் விரலளவுக் குப்பிகள் மூழ்கிக் கிடக்கும். ஒவ்வொரு குப்பியிலும் மனிதரிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ எடுத்து வளர்த்த உயிரணுக்கள். செத்துப்போனவை அல்ல. மூச்சை நிறுத்தி வைத்தவை. வேண்டும்போது வெளியே எடுத்து உருக்கினால் விட்ட இடத்திலிருந்து வாழத் தொடங்கும்.

இதை அவளுக்குச் சொன்னவள் அங்கே உயிரணு வளர்க்கும் பெண். வாயே மூடாததால் அவளுக்குப் பெயர் வானொலி. "உறைய வைக்கிறப்போ விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மெதுவாப் போகணும் பூனைக்கா. உருக்கும்போது பால் பொங்குறதைப் பாத்தவ மாதிரி ஓடணும். ரெண்டையும் மாத்திச் செஞ்சா உள்ள இருக்கிறது குளோஸ்."

பூனைக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் மனதில் தங்கியது. பயம் அவளோடு ஒட்டிப் பிறந்தது. இடி இடித்தால் பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேன்களிடம் அவள் பயந்தது போல யாரும் பயந்ததில்லை. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ரொப்புவாள். ரொப்புவதற்கு முன்னால் கேனின் தோளில் புறங்கையை வைப்பாள். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் உள்சுவர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளும் வியர்த்ததில்லை. ஆனாலும் தொடாமல் இருந்ததில்லை.

வீட்டில் தங்கையும் தங்கை மகளும். தங்கையின் கணவர் தூரத்துச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், வருடத்துக்கு ஒரு முறை வருவார். அந்த மகளை எல்லோரும் குட்டி என்றார்கள். குட்டியின் தோல் மற்றவர்களுடையது போல உடம்போடு ஒட்டி நிற்காது. சட்டையின் தையல் உரசினால் கொப்புளம். யாராவது அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் பிடித்த இடம் உரிந்து வரும். பிறவியிலேயே வந்தது. தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பசை அவளுக்குச் சரியாக அமையவில்லை என்றார்கள். அதனால் அவளைத் தூக்க மாட்டார்கள். மெத்தென்ற துணியை விரித்து, அதில் அவளே உருண்டு வந்து படுக்க, துணியோடு எடுப்பார்கள். காய்ச்சலா என்று பார்க்கப் பெரியம்மாவின் புறங்கை மட்டும்தான் அவள் நெற்றிக்குப் போகும்.

உடம்புக்குத்தான் தோல் இல்லை, வாய்க்கு இரண்டு மடங்கு தோல் என்று தங்கை சொல்வாள். அந்த அளவுக்குப் பேச்சு.

ஆய்வகத்தின் தலைவி டாக்டரம்மாவிடம் குட்டியைக் கொண்டுபோனது பூனைதான். குட்டியைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவே அவளுக்குப் பல மாதம் பிடித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, குட்டியின் கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து வளர்க்கலாம் என்றார். இந்த நோய்க்கு ஒரு களிம்பு தயாராகிறது, அதைக் குட்டியின் உடம்பில் தடவும் முன்னால் குட்டியின் உயிரணுக்களிலேயே போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தடவ மாட்டேன் என்றார்.

மிளகளவுதான். அந்தப் புண் ஆற ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கட்டு மாற்றும்போதெல்லாம் குட்டி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். தங்கை சுவரில் தலையை முட்டிக்கொண்டு சொன்னாள்: "இனிமே ஒரு தடவை யாராவது இவமேல கத்தி வச்சீங்கன்னா, முதல்ல என்னை வெட்டிட்டு வைங்க." டாக்டரம்மாவும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். இன்னொரு முறை எடுக்கவே கூடாது, அடுத்த புண் ஆறாமலே போகலாம்.

எடுத்த தோலிலிருந்து வளர்ந்தவை ஐந்து குப்பிகளில் அடங்கின. ஒரே குச்சியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, நீண்ட பிடி வைத்த ஒரு சிறு தூக்குப் பாத்திரத்தில் இறக்கி, மூன்றாவது கேனுக்குள் தொங்க விட்டார்கள். அந்தக் கேனில் மஞ்சள் மூடி போட்டவை அந்த ஐந்து மட்டும்தான். வானொலி வேண்டுமென்றே மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாள். "உங்க வீட்டுப் பொண்ணு கூட்டத்துல தொலைஞ்சிடக் கூடாதுல்ல."

குட்டிக்கு அது பெரிய வேடிக்கை. "அங்க இருக்கிற நான் ஸ்வெட்டர் போட்டிருக்கேனா பெரியம்மா?"

"தொப்பி போட்டிருக்கே. மஞ்சத் தொப்பி."

"அஞ்சு பேரும் சண்டை போடாம இருக்கோமா?"

"நீ இருக்கிற இடத்துல சண்டை இல்லாம இருக்குமா?"

அப்படியே சிரித்துப் பேசிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்துக் கட்டடத்து ஆய்வகத்தில் ஒரு கேன் வற்றிப்போனது. ரொப்ப வேண்டியவர் ஊருக்குப் போயிருக்கிறார், பார்க்க வேண்டியவர் அவர் ரொப்பியிருப்பார் என்று இருந்துவிட்டார். திறந்தபோது உள்ளே புகையே இல்லை. குப்பிகளெல்லாம் அறைச் சூட்டில் இருந்தன. அத்தனையையும் பையில் கட்டி எரிக்க எடுத்துப்போனதைப் பூனை சன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஆய்வகத்தின் வயதான பேராசிரியர் படிக்கட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அன்று அவள் மூன்றாவது கேனின் தோளை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லித் தொலைத்தாள். அடுத்த அறையில் குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானும் வத்திடுவேனா?"

"சேச்சே. நான் இல்ல? நான் பாத்துக்கிறேன்."

"தினமும் பாப்பியா?"

"பாக்கிறேன்."

"சத்தியமா? தொப்பி எல்லாம் எண்ணுவியா?"

வாயில் வந்துவிட்டது. "சத்தியமா."

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "பாத்தியா பெரியம்மா?" அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகம் காட்டிக்கொடுக்கும், குட்டிக்கு முகம் படிக்கத் தெரியும். ஆகவே பார்த்தாள். அளவுகோலை விட்டு நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் போதவில்லை. நைட்ரஜன் இருந்து குப்பிகள் இல்லாவிட்டால்? குப்பி இருந்து மூடி கழன்றிருந்தால்? பயத்துக்கு ஒரு கதவைத் திறந்தால் அது ஒன்பது கதவைக் கேட்கும்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து மூன்றாவது கேனைத் திறப்பாள். தூக்கின் பிடியை எடுத்து மெல்ல மேலே இழுப்பாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கழுத்து வழியாக வழியும். ஒன்றும் தெரியாது. தூக்கைக் கழுத்திலேயே பிடித்தபடி காத்திருப்பாள். புகை விலகும். மேலே இருக்கும் மூடிகளில் வெண்பனி படிந்திருக்கும். கையுறைக் கட்டை விரலால் அதைத் துடைப்பாள். மஞ்சள் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே இருக்கும் இரண்டின் ஓரம் டார்ச் வெளிச்சத்தில் மினுங்கும். நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கும். தூக்கை இறக்கி மூடுவாள். வீட்டுக்குப் போய், "இருக்கு, அஞ்சும் இருக்கு" என்பாள். இரவு குட்டி நிம்மதியாகத் தூங்குவாள். சில நாள் மதியம் பார்த்தது போதாமல், கிளம்பும் முன்னால் ஒருமுறையும் பார்ப்பாள்.

மழை வந்து, பனி வந்து, வெயில் திரும்பி வரும்வரை இது நடந்தது.

களிம்பு வந்துவிட்டது, அடுத்த வாரம் குட்டியின் குப்பியை உருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், பூனை தூக்கைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு புகை விலகக் காத்திருந்தாள். வழக்கத்தைவிட நெடுநேரம். அடியிலிருந்த இரண்டின்மேல் டார்ச் வெளிச்சம் சரியாக விழவில்லை. பின்னால் வானொலி வந்து நின்றதே தெரியாது. வானொலி அன்றைக்கு மட்டும் பேசாமல் வந்திருந்தாள்.

"என்ன செய்றீங்க?"

தூக்கு உள்ளே நழுவி டங்கென்று விழுந்தது.

"எண்ணிப் பாத்தேன்."

"எதை?"

"மஞ்சளை. இருக்கான்னு."

"இதுக்கு முன்னாடியும் பாத்திருக்கீங்களா?"

பூனை மூடியை எடுத்துக் கேனை மூடினாள். வானொலிக்கு முகம் வெளுத்தது. "அக்கா, கேட்கிறேன்ல. எத்தனை தடவை?"

"தினமும்."

"எவ்வளவு நேரம் வெளிய வச்சிருப்பீங்க?"

"அதிகமில்ல. புகை விலகுற வரைக்கும்தான். அப்பத்தான மூடி தெரியும்."

வானொலி கேனின் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். "புகை விலகுதுன்னா என்னக்கா அர்த்தம்? குளிர் போகுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் அதுங்க கொஞ்சம் சூடேறித் திரும்பக் குளிர்ந்திருக்கு. மேல படிஞ்ச பனியைத் தொடச்சு வேற விட்டிருக்கீங்க. ஊன்றின விதையை முளைச்சுதா முளைச்சுதான்னு தினம் தோண்டிப் பாத்தா, எப்படிக்கா முளைக்கும்?"

பூனைக்கு வானொலியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. திருடன் வரக்கூடாது என்று வாசலில் உட்கார்ந்து காவல் காத்தவள், உள்ளே கை விட்டுக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க கேனைத் திறக்கிறதை நானே ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன். ரொப்புறீங்கன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "செத்துப்போச்சா இல்லையான்னு வெளியிலேர்ந்து சொல்ல முடியாது. ஒண்ணை உருக்கித்தான் பாக்கணும். மேல இருக்கிறதை எடுப்போம்."

"அது செத்திருந்தா?"

"அடுத்ததைப் பாக்கலாம்."

"எல்லாம் செத்திருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றினாள். "பாத்தியா பெரியம்மா?" என்றது குரல். "பாத்தேன்" என்றாள். உண்மைதான். குட்டி அவள் முகத்தையே பார்த்தாள். பூனை அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவத் தொடங்கினாள்.

உருக்கும்போது அவளையும் நிற்கச் சொன்னார்கள். வானொலி முகக் கவசத்தை இறக்கிக்கொண்டு மேல் குப்பியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சுழற்றினாள். வெள்ளைக் கட்டி ஓரமாகக் கரைந்து, பட்டாணியளவு ஆனதும் சட்டென்று வெளியே எடுத்து, வளர்ப்பு நீரில் கலந்து, தட்டையான சிறு தட்டில் ஊற்றி, உடம்புச் சூடு உள்ள பெட்டிக்குள் வைத்தாள். உயிருள்ளவை தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், கையும் காலும் நீட்டும். செத்தவை உருண்டையாக மிதக்கும். நாளைக்குத் தெரியும் என்றாள். வானொலி பேசாமல் இருந்தது பூனையை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் வானொலி நுண்ணோக்கியில் குனிந்து, தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். நிமிரவில்லை. திரும்ப நகர்த்தினாள்.

"சொல்லிடுங்க" என்றாள் பூனை.

"எல்லாம் மிதக்குது."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று நினைவில்லை. தெரு விளக்குகள் எரிந்தன, யாரோ கடையில் சிரித்தார்கள், பேருந்து இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டி சுவரைப் பிடிக்காமல், மெல்லக் கால் வைத்து நடந்து வந்து எதிரே நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்ததாலதான் கண்ணு." அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தினமும் பார்த்தது, புகை விலகக் காத்திருந்தது, மேலே இருந்தது செத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே தங்கையின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

குட்டி கேட்டாள்: "அப்ப என்னை மறுபடியும் வெட்டுவாங்களா?"

உலகத்தில் அவள் எதற்கெல்லாம் பயந்திருக்கிறாளோ, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பூனைக்கு அப்போது தெரிந்தது. பயம் என்றால் இந்தக் கேள்விதான். தங்கை வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். "பொறு. இன்னும் நாலு இருக்குல்ல" என்றாள் கடைசியில். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை.

டாக்டரம்மா இரண்டாவது, மூன்றாவது குப்பிகளைத் தொட வேண்டாம் என்றார். அடியிலிருக்கும் ஐந்தாவதை எடுக்கச் சொன்னார். பூனை தூக்கைக் கழுத்துவரைதான் இழுத்திருக்கிறாள், மேலே இருந்தவை வெளிக்காற்றுக்கு வந்திருக்கின்றன, அடியிலிருந்தது கேனின் குளிருக்குள்ளேயே இருந்திருக்கலாம். "இருக்கலாம்" என்பதை இரண்டு முறை சொன்னார்.

திரும்பவும் வெதுவெதுப்பான தண்ணீர், பட்டாணியளவுக் கட்டி, சிறு தட்டு, பெட்டி. இந்த முறை பூனை வெளியே நடைபாதையில் நின்றுகொண்டாள். தன் கண் பட்டால்கூட ஆகாது என்று தோன்றிவிட்டது. மறுநாளும் உள்ளே போகவில்லை. கழுவும் தொட்டியடியில் நின்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, சத்தம் கேட்காதபடி பார்த்துக்கொண்டாள்.

வானொலியின் சத்தத்தை எந்தக் குழாயும் மறைக்காது.

"பூனைக்கா! ஏய் பூனைக்கா! குழாயை மூடுங்க! ஒட்டியிருக்கு!"

"எவ்வளவு?"

"மிதக்குறதுதான் அதிகம். ஆனா ஒட்டியிருக்கு. வந்து பாருங்க."

"வேண்டாம்."

"அட, இதைப் பாத்தா ஒண்ணும் ஆகாது. வாங்கக்கா."

"நீங்க பாத்துச் சொன்னாப் போதும்" என்றாள் பூனை. குழாயடியின் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வானொலி வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக, மீன் குஞ்சு போல நீண்டு ஒட்டியிருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினாள். எண்ணிச் சொல்லவா என்று கேட்டாள். எண்ணாதீங்க என்று பூனை அவள் வாயைப் பொத்தினாள்.

அவை பெருகுவதற்கு நாள் பிடித்தது. ஒரு முறை பாதியில் நின்றுபோய், வானொலி சாப்பிடாமல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல மெல்லத் தட்டு நிறைந்தது. ஒரு பங்கைக் களிம்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல நிதானமாக உறைய வைத்தார்கள். தங்கை மூன்று வாரம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது வாரம் ஒரு காலையில், "காபி ஆறிப்போகுது, எடுத்துக்க" என்றாள். அத்துடன் அது முடிந்தது.

இப்போது மஞ்சள் மூடிக் குப்பிகள் இரண்டு கட்டடங்களில் இரண்டு கேன்களில் இருக்கின்றன. களிம்பு தட்டில் ஓரளவு வேலை செய்திருக்கிறது. குட்டியின் முழங்கையில் ஒரு சிறு இடத்தில் மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. மூன்றாவது கேனுக்குப் பூட்டுப் போடச் சொன்னது பூனைதான், சாவி வானொலியிடம் இருக்கிறது. ரொப்பும் நாளில் மட்டும் வாங்கிக்கொள்வாள். மற்ற நாள் கேனின் தோளில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் "பாத்தியா பெரியம்மா?" என்று குட்டி கேட்டால், "பாக்கல" என்கிறாள். இரண்டு பேருக்கும் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.